கூழாங்கல்லிலிருந்து கைக்கோடரிவரை: புக்கிட் மெர்தாஜமில் கற்கருவி செய்யக் கற்ற ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜமில் ஒரு கம்பத்து வீட்டின் பின்புறம், பெரும்பாலும் ரம்புத்தான் மரத்தடியில், ஐந்து மாத காலம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். கற்றுக்கொண்டவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவர், வயது 36. வீடு அவருடைய தாய்மாமனுடையது. மாமா எழுபதைக் கடந்தவர். இளமையில் தம் தந்தையோடு பிறை, பட்டர்வொர்த் வட்டாரத் தோட்டங்களில் வீடு வீடாகச் சென்று அம்மி கொத்தியவர். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மாமாவோடு தேநீர் குடிக்கப் போய் உட்கார்ந்தவன், மூன்றாம் வாரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு போகத் தொடங்கினேன். நான் ஒரு கல்லையும் உடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்கு எப்படி இருந்தது, காதுக்கு எப்படிக் கேட்டது என்று இதில் வருவதெல்லாம் அவர்கள் இருவரும் சொல்லக் கேட்டு எழுதியது.

இயந்திரங்களோடு பழகிய கை, உடல் வலு, பொறுமை ஆகிய மூன்றும் இருந்தும், முதல் இரண்டு மாதங்களில் அவரால் ஒரு செதிலைக்கூட (அடிபட்டுக் கல்லிலிருந்து உரிந்து வரும் கூரிய துண்டு), நினைத்த இடத்தில் நினைத்தபடி, கல்லிலிருந்து எடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை, பிறகு எது மாறியது என்பதுதான் இந்த ஆய்வு தேடும் விடை.

தொடக்கமும் இலக்கும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போய் வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அங்குள்ள கோத்தா தம்பானில் 1938-இல் எச். டி. காலிங்ஸ் அகழ்ந்தார். 1987-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜித் நடத்திய அகழ்வில், கற்கருவி செய்யும் பட்டறை ஒன்று கலையாமல் அப்படியே வெளிப்பட்டது. கல்லை வைத்து அடித்த பட்டடைக்கல், அடிக்கப் பயன்பட்ட உருண்டைக் கல், செதில்கள் உரித்தெடுக்கப்பட்ட தாய்க்கல், சிதறிய சில்லுகள், முடிந்ததும் முடியாததுமான கருவிகள் என வேலையிடம் முழுவதும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பலோடு அதன் காலத்தைப் பொருத்துகிறார்கள். 2012-இல் அந்தப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நம்மவர் அங்கே பார்த்தது வேலையைப் பாதியில் போட்டுவிட்டு யாரோ எழுந்து போன ஓர் இடத்தை. தொழிற்சாலையில் ஷிப்டு மாறும் நேரத்து மேசைபோல இருந்தது என்றார்.

ஆனால் அவர் செய்ய விரும்பியது கோத்தா தம்பான் கருவியை அல்ல. 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரியின் (பிடியின்றிக் கையிலேயே பிடித்து வெட்டும் கற்கருவி) படத்தை அவர் கைப்பேசியில் வைத்திருந்தார். அவருடைய பூட்டனார் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். "எங்க ஊரு சாமான் சார் அது. அதைத்தான் செய்யணும்," என்று முதல் நாளே சொன்னார். ஃபூட் அதே ஆண்டில் கண்டறிந்த அதிரம்பாக்கத்தின் கைக்கோடரிகளுக்கு 2011-இல் சாந்தி பப்புவும் குழுவினரும் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது கணித்ததையும் அவர் அறிந்திருந்தார். வரலாறு நடத்திய எனக்கே அந்த ஆண்டுக் கணக்கை அவர்தான் நினைவூட்டினார்.

இந்த ஆசையில் பிழை இல்லை என்றாலும், வந்த தாமதத்துக்கு அதுவே வித்தாயிற்று என்பது என் கணிப்பு. 1940-களில் ஹாலம் மோவியஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் இந்தியாவின் கிழக்கே ஒரு கோடு கிழித்து, அதன் மேற்கில் இருபுறமும் செதுக்கிய கைக்கோடரியும் கிழக்கில் கூழாங்கல் கருவியும் மேலோங்குவதாகச் சொன்னார். அந்தக் கோட்டுக்குப் பிறகு பல விலக்குகள் கிடைத்துவிட்டன. லெங்கோங்கிலேயே, புக்கிட் புனோவில் கிடைத்த கைக்கோடரிக்கு 18 லட்சம் ஆண்டுக்கு மேல் வயது அறிவிக்கப்பட்டது. அந்தக் கணிப்பை ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் கற்பவருக்கு மோவியஸ் கோடு ஒன்றைச் சரியாகவே காட்டுகிறது. கூழாங்கல் கருவிக்குச் சில நல்ல அடிகள் போதும். கைக்கோடரிக்கு ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு இடம் வைத்துப் போக வேண்டும். நீந்தத் தெரியாதவர் ஆற்றின் குறுக்கே போக ஆசைப்பட்டதைப் போலத்தான் அவர் தொடங்கினார்.

கல் தேடிய கதை

முதல் கல் வீட்டின் பின்னாலேயே கிடந்தது. பினாங்குத் தீவும் புக்கிட் மெர்தாஜம் குன்றும் கருங்கல்லால் ஆனவை. வேலியோரத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்து, கடையில் வாங்கிய இரும்புச் சுத்தியலால் அடித்தார். பொடியும் குறுணையும் உதிர்ந்தன. விளிம்பு என்று சொல்லத்தக்க எதுவும் வரவில்லை. கருங்கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அப்பிரகம் ஆகிய கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய மணிகளாகக் கோத்துக் கிடக்கின்றன. விசை ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குத் தாண்டும்போதெல்லாம் திசை மாறிச் சிதறுகிறது. கூர்மையான விளிம்பு தரும் கல்லில் மணிகள் மிக நுண்ணியவையாக இருக்க வேண்டும், அல்லது கண்ணாடியைப் போல மணியே இல்லாமல் இருக்க வேண்டும்.

மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். "அது கொத்துற கல்லுடா. உடைக்கிற கல்லு இல்ல." அந்தச் சொல் எனக்கு அன்று முழுதும் விளங்கவில்லை. அம்மியின் முகம் அரைத்து அரைத்து வழுக்கையானதும் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி அதற்குச் சொரசொரப்பு ஏற்றுவதுதான் அவருடைய தொழில். கருங்கல் மணி மணியாக உதிர்வதால்தான் அது நடக்கிறது. சிக்கிமுக்கிக் கல்லில் உளி வைத்தால் பாளமாகப் பிளந்துவிடும். கற்கருவியை ஆக்குவதற்கு அடித்துச் செதில் எடுப்பதும், கொத்தித் தேய்த்து வழவழப்பாக்குவதும் ஆகிய இரு வழிகள் உண்டு. புதிய கற்காலத்தின் மெருகேற்றிய கோடரிகள் பெரும்பாலும் இரண்டாம் வழியில் வந்தவை. அம்மி கொத்துபவர் அந்த இரண்டாம் வழியின் கடைசிக் கைகளில் ஒருவர் என்பது, மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கல்லுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது, லெங்கோங் ஆற்றங்கரையிலிருந்து நாலு கல் எடுத்து வரலாமே என்று ஒருவர் சொன்னார். நான் கண்டிப்பாக மறுத்தேன். பாதுகாக்கப்பட்ட இடத்தில் கல்லை எடுப்பதும், அங்கே புதுச் சில்லுகளைப் போடுவதும் ஒரே அளவு தீங்கானவை. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. கடைசியில் தோட்ட அலங்காரக் கற்கள் விற்கும் கடையில் மூட்டையாகக் கூழாங்கல் வாங்கினார். அதில் பாதிக்கு மேல் பயனற்றது. எஞ்சியதில் குவார்ட்சைட் இருந்தது. மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி, மணிகளெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த கல் அது. உடைந்த முகத்தில் சர்க்கரைபோல் மினுக்கும். இரும்பையும் கண்ணாடியையும் கீறும். பல்லாவரத்துக் கைக்கோடரியும் குவார்ட்சைட். கோத்தா தம்பான் கருவிகளில் பெரும்பகுதியும் அதுவே. இந்த ஒற்றுமை அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூட்டையிலிருந்து கல்லைத் தேர்ந்தவர் மாமா. ஒவ்வொன்றையும் விரல் நுனியில் தொங்கவிட்டாற்போல் பிடித்து, இன்னொரு கல்லால் மெதுவாகத் தட்டி, காதருகே கொண்டுபோனார். கணீரென்றால் ஒரு பக்கம், மொத்தென்றால் வேலியோரம். நம் சிற்ப மரபில் ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று ஒலியை வைத்துப் பிரிப்பார்களே, அதை அவர் நூலில் படித்ததில்லை. "உள்ள கீறல் விட்டிருந்தா சத்தம் செத்துப் போயிடும். அப்பா சொன்னது," என்றார். உள்விரிசல் உள்ள கல்லில் விசை விரிசலோடு போய்விடும், அடித்தவர் எண்ணிய வழியில் போகாது என்பதே அதன் பொருள். ஐந்து மாதங்களிலும் மாமா ஒதுக்கிய கல்லில் ஒரே ஒரு கல்லைத்தான் மருமகன் பிடிவாதமாக எடுத்து அடித்தார். அது மூன்றாகப் பிளந்தது.

இரண்டு மாதத் தோல்வி

கல் உடையும் விதத்தை ஓர் உவமையால் சொல்வது எளிது. லஸ்டிக்கால் (கவட்டையால்) எய்த சிறு கல் சன்னல் கண்ணாடியில் பட்டால், பட்ட பக்கத்தில் சின்னத் துளையும் மறுபக்கத்தில் அகன்ற குழியும் விழுவதைச் சிறு வயதில் குற்றம் செய்தவர்கள் அறிவார்கள். விசை பட்ட புள்ளியிலிருந்து கூம்பாக விரிந்து செல்கிறது. கல்லின் நடுவில் அடித்தால் அந்தக் கூம்பு உள்ளேயே அடங்கிவிடும். விளிம்புக்கு அருகே அடித்தால் கூம்பின் ஒரு பகுதி கல்லுக்கு வெளியே வருகிறது, அதுவே செதில். செதிலின் உட்புறத்தில் அடிபட்ட இடத்தின் கீழே ஒரு புடைப்பும், அதிலிருந்து அலையலையாக வளையங்களும் இருக்கும். தாய்க்கல்லில் அதற்கு நேரான பள்ளம் இருக்கும். உடைந்த முகம் மட்டியின் ஓட்டைப்போல் வளைந்திருக்கும்.

அடிபடும் பரப்பை நாங்கள் அடிமுகம் என்று அழைத்துக்கொண்டோம். அடிமுகத்துக்கும், செதில் உரிந்து வரவேண்டிய பக்கத்துக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். 60 முதல் 80 வரை இருந்தால் நல்லது. 90-ஐ எட்டினால் விசைக்கு வெளியேற வழியில்லாமல் போகும். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல்லுக்கோ விளிம்பே கிடையாது. எங்கே தொட்டாலும் விரிந்த கோணம்தான். கற்பவர் முதன்முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. கூழாங்கல்லைத் திறப்பது, பிறகு செய்யும் எல்லாவற்றையும்விடக் கடினம்.

அவருக்கு இது தெரியாமலில்லை, காணொளிகளில் பார்த்திருந்தார். தெரிந்ததைக் கை செய்யவில்லை. கல் உடையாதபோது அவர் கோணத்தை மாற்றாமல் விசையைக் கூட்டினார். இரும்புச் சுத்தியலைக் கைவிட்டு, உள்ளங்கையில் முட்டைபோல் அடங்கும் கனமான உருண்டைக் கல்லுக்கு மாறிய பின்னும் அதே கதைதான். இரும்பு கல்லின் விளிம்பை நசுக்குகிறது, கல் ஓரளவு பிடித்துக் கடிக்கிறது என்ற வேறுபாட்டை அவர் உணர்ந்தார். ஆனால் அடி விழும் இடம் மாறவில்லை. எந்திரத்தில் இறுகிய போல்ட்டைக் கழற்றப் பழகிய தோளுக்கு, அசையாதது என்றாலே இன்னும் வலு வேண்டும் என்றுதான் பொருள்.

அதைவிடப் பெரிய காரணம் வேறொன்று என்று நான் நினைக்கிறேன். தவறாக உடைந்த ஒவ்வொன்றையும் அவர் உடனே வேலிக்கு அப்பால் வீசிவிட்டார். கண்முன் இருந்தது பல்லாவரத்துக் கோடரியின் படம் மட்டும். அந்தச் சொட்டு வடிவத்துக்கு இது ஒத்து வருகிறதா என்று பார்ப்பார். ஒத்து வரவில்லை என்றால் அடுத்த கல். இப்படி ஒரு மூட்டை தீர்ந்தது. தோற்ற கல்லில் ஏன் தோற்றது என்பது எழுதியிருக்கிறது; அதைப் படிக்காமல் புதுக் கல்லைத் தொடுவதால் அதே பிழை புதுக் கல்லில் மீண்டும் எழுதப்படுகிறது. ஆறாவது வாரத்தில் நான் இதைச் சொன்னேன். ஆசிரியர் குணம் போகவில்லை என்று மாமா கிண்டல் செய்தார். மருமகன் மரியாதைக்குத் தலையாட்டினார்.

அடி விழாத ஒரு ஞாயிறு

ஒன்பதாம் வாரம் காலையிலிருந்தே மழை. வெளியே வேலை செய்ய வழியில்லாமல் மூவரும் முன்வாசலில் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்கப் பிடிக்காமல், முந்தின வாரம் கன்வாஸ் விரிப்பில் தங்கிப்போன சில்லுகளை மாமா அள்ளி வந்து, பிள்ளைகள் பட வெட்டுத் துண்டுகளைச் சேர்ப்பதுபோல் ஒன்றோடொன்று பொருத்தத் தொடங்கினார். தொல்லியலாளர்கள் இதை ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள். உடைந்தவற்றை மீண்டும் சேர்த்தால், எந்த அடி முதலில் விழுந்தது, எது பிறகு, எது வீண் என்று கல்லை உடைத்தவரின் காலை நேரம் முழுதும் தெரிந்துவிடும். மாமாவுக்கு அந்த ஆய்வு முறை தெரியாது. பழகிய கண் தானாகப் பொருத்தியது.

பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்தபோது மருமகன் பேச்சை நிறுத்திக் குனிந்து பார்த்தார். எடுத்த எல்லாச் செதில்களும், கல்லில் இயல்பாகவே கூர்ங்கோணம் இருந்த ஒரே மூலையிலிருந்து, தற்செயலாக வந்தவை. மற்ற இடங்களில் அடிகள் வெள்ளைப் புள்ளிகளாகக் குழுமிக் கிடந்தன. ஓர் இடத்தில் மட்டும் ஏழு அடிகள். அங்கே கோணம் 90-க்கு மேல். இரண்டு செதில்கள் பாதி தூரம் ஓடி, படிக்கட்டுபோல் சட்டென்று முறிந்திருந்தன. அங்கே அடி வலுவற்று விழுந்திருக்கிறது, அல்லது விசை வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது. ஒரு நல்ல செதில் மட்டும் நீளமாக வந்திருந்தது. முந்தைய இரண்டு பள்ளங்களுக்கு இடையில் இருந்த முகட்டின் மேல் அது ஓடியிருந்தது. விசை முகட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்ற பாடம் அவருடைய கல்லிலேயே இருந்தது, ஒரு வாரமாக விரிப்பின் மடிப்பில் கிடந்தது.

அடுத்த வாரம் அவர் மூன்று பொருள்களோடு வந்தார். முதலாவது, முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு செதில், வெள்ளை மையில் எண். இரண்டாவது, ஒரு நோட்டு. மூன்றாவது, கனத்த அட்டையில் 75 பாகைக்கு வெட்டிய ஒரு காடி. அடிப்பதற்கு முன் அந்தக் காடியைக் கல்லின் விளிம்பில் வைத்துப் பார்ப்பார். உள்ளே நுழைந்தால் அடி, நுழையாவிட்டால் வேறு இடம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆதி மனிதன் அட்டை வெட்டியா வைத்திருந்தான் என்று கேட்டேன். "அவனுக்கு அப்பன், மாமன் பக்கத்துல உக்காந்து காட்டியிருப்பான் சார். எனக்கு அட்டைதான் மாமன்," என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமா இதைக் கேட்டு முறைத்தது தனிக் கதை. பதினான்காம் வாரத்தில் அட்டை நனைந்து கிழிந்தது. அவர் புதிது வெட்டவில்லை, அதற்குள் கண் பழகிவிட்டிருந்தது. என் மறுப்பு தவறு என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு விலகல். தாய்லாந்தின் பாங் ஙாவில், எண்ணெய்ப்பனைக் கொட்டைகளைக் கல்லில் வைத்து உடைக்கும் நீள்வால் குரங்குகள் தற்செயலாகக் கூரிய கற்செதில்களை உண்டாக்குகின்றன என்று 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் வாழைப்பழத்தைப் பிடுங்கும் அதே இனக் குரங்குதான். அவற்றின் செதில்கள் சிலவற்றை மனிதச் செதில்களிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆனால் குரங்கு அந்தச் செதிலை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. முதல் இரண்டு மாதங்களில் நம்மவர் எடுத்த செதில்களையும் குரங்கின் செதில்களையும் கலந்து வைத்திருந்தால், என்னால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. மழை நாளுக்குப் பிறகு எடுத்தவற்றைப் பிரித்துச் சொல்லலாம். அவற்றில் ஒரு செதிலின் பள்ளம் அடுத்த செதிலின் அடிமுகமாக இருக்கிறது.

காயமும் தூசியும்

குவார்ட்சைட்டுக்கு இடையில், பழகுவதற்காகக் கோப்பிக்கடையில் கேட்டு வாங்கிய கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகத்தையும் அவர் உடைத்துப் பார்த்தார். கண்ணாடி மலிவு, விசை ஓடிய வழியைத் தெளிவாகக் காட்டும். கண்ணாடியில் கைவந்தது அப்படியே கல்லுக்கு வராது, ஏனெனில் குவார்ட்சைட் கண்ணாடியைவிடப் பலமடங்கு பிடிவாதமானது. பதினோராம் வாரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிச் செதில் ஒன்றைத் திருப்பியபோது இடக்கைப் பெருவிரலின் சதை ஆழமாக அறுபட்டது. வலி தெரியவில்லை, சொட்டியதைப் பார்த்துத்தான் தெரிந்தது என்றார். கிளினிக்கில் நான்கு தையல். அதன் பிறகு தடித்த தோல் கையுறை, தொடையின் மேல் பழைய தோல்பையிலிருந்து வெட்டிய விரிப்பு, பாதுகாப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் மாமா அவரை உட்கார விடவில்லை.

தூசியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குவார்ட்சைட், சிக்கிமுக்கி போன்றவை ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா. அடிக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிகோசிஸ் என்னும் அந்த நோய் வந்தால் திரும்பாது. தொடக்கத்தில் வெயிலுக்குப் பயந்து கார் நிறுத்தும் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். காற்றோட்டமில்லாத அந்த இடத்தை விட்டு மரத்தடிக்கு மாறியதும், என்95 முகக்கவசம் அணிந்ததும், விரிப்பைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்ததும் மாமாவின் வற்புறுத்தலால் நடந்தவை. அவருடைய தந்தை கடைசிக் காலத்தில் இருமி இருமியே போனவர். அதற்குக் கல்தூசி காரணமா என்று யாரும் சோதித்ததில்லை; மாமாவுக்குச் சந்தேகமும் இல்லை.

கருவியைக் கருவியாக்கிய நாள்

மூன்றாம் மாத இறுதியில், கைக்கோடரிப் படத்தைச் சிறிது காலம் மறந்துவிட்டு, கூழாங்கல்லின் ஒரு முனையில் மட்டும் நான்கைந்து செதில்களை எடுத்து ஒரு வெட்டுக்கருவி செய்தார். செபராங் பிறையின் குவார் கெப்பாவில், 2017-இல் 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எலும்புக்கூடு ஒன்று கிடைத்து 'பினாங்குப் பெண்' என்று பெயர் பெற்ற அந்தச் சிப்பி மேட்டைச் சார்ந்த மக்களும், இந்த வட்டாரமெங்கும் அவர்களுக்கு முன்னிருந்தவர்களும், கூழாங்கல்லைத் தட்டிக் கருவி செய்தவர்கள். உள்ளூர்க் கல்லுக்கு ஏற்ற வேலை அது. செய்து முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அதைச் சோதித்துப் பார்த்ததில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கனமான கூழாங்கல் கருவி மூங்கிலை வெட்டிச் சாய்த்தது, வாழைத்தண்டைப் பிளந்தது. மற்றபடி அது முரடுதான். விரிப்பில் கிடந்த செதில்களே கோழியின் தோலை உரித்தன, நைலான் கயிற்றை அறுத்தன, மீனைப் பிளந்தன. தொல்லியலாளர்களும் நீண்ட காலம் தாய்க்கல்லையே கருவி என்றும் செதில்களைக் கழிவு என்றும் எண்ணியிருந்தார்கள். தாங்களே செய்து, அறுத்துப் பார்த்த பிறகே பல இடங்களில் செதில்தான் இலக்காக இருந்திருக்கும் என்ற எண்ணம் வலுப்பட்டது. மாமி கோழி வெட்டும்போது நடந்த சோதனையில், கொழுப்புப் படிந்து விளிம்பு வழுக்கத் தொடங்கியது. கழுவித் துடைத்தால் மீண்டும் அறுத்தது. "கத்திய விட இது நல்லாதான் இருக்கு, ஆனா பிடி எங்க?" என்றார் மாமி. ஐந்து மாதத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். பிடி போட்ட கருவிக்கு மனித குலம் பல லட்சம் ஆண்டுகள் காத்திருந்தது.

வெட்டிய மூங்கிலைச் செதிலால் சீவி ஒரு கத்தி செய்ததும் அன்றே. தென்கிழக்காசியாவில் நுட்பமான கற்கருவிகள் குறைவாகக் கிடைப்பதற்கு மூங்கில் காரணமாக இருக்கலாம், கல் மூங்கிலைச் செதுக்கவே பயன்பட்டிருக்கும், மூங்கில் மட்கியதால் நமக்குச் சான்று எஞ்சவில்லை என்று ஒரு கருத்து உண்டு. ஒரு மூங்கில் கத்தியை வைத்து எதையும் நிறுவ முடியாது. அது பப்பாளியை நன்றாக அறுத்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மீண்டும் கைக்கோடரி

நான்காம் மாதத்தில் அவர் திரும்பவும் படத்தைக் கையிலெடுத்தார். இம்முறை வேறு விதமாக. கூழாங்கல்லை நேரடியாகச் செதுக்காமல், பெரிய கல்லொன்றைப் பட்டடைக்கல்லின் மேல் வைத்துப் பிளந்து, அதில் வந்த தடித்த செதிலை அடிப்பொருளாகக் கொண்டார். அதற்கு ஏற்கெனவே விளிம்பு இருந்தது. ஒரு பக்கம் ஒரு செதில், கல்லைத் திருப்பி அந்தப் பள்ளத்திலேயே அடித்து மறுபக்கம் ஒரு செதில் என்று மாறி மாறிச் சுற்றி வந்தார். ஒவ்வோர் அடிக்கும் முன்னால், மெலிந்து நொறுங்கும் விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து வலுப்படுத்தினார். அடிப்பதைவிடத் தேய்ப்பதற்கும் திருப்பிப் பார்ப்பதற்கும் ஆன நேரமே அதிகம். முதல் மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் எண்ண முடியாத அளவுக்கு அடிகள் விழுந்தன. இப்போது முப்பதைத் தாண்டுவது அரிது. மாமா எழுந்து போய் மரத்தின் மறுபக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். ஒலியை வைத்தே, "அது வந்துச்சு," "அது முறிஞ்சுது," என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான்கு கைக்கோடரி முயற்சிகளில் முதல் மூன்றும் நடுவில் தடித்துப் போயின. விளிம்பிலிருந்து எடுக்கும் செதில் நடுப்பகுதியைத் தாண்டி ஓடினால்தான் கருவி மெலியும். பாதியில் முறிந்தால் அங்கே ஒரு திட்டு நின்றுவிடும், அந்தத் திட்டில் மோதி அடுத்த செதிலும் முறியும். அதிரம்பாக்கத்துப் படங்களில் எளிதாகத் தெரிந்த அந்த மெல்லிய உடலுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதை மூன்றாம் திட்டைப் பார்த்தபோதுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பழங்காலக் கைகளுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளியின் அளவை நான் கூட்டியும் குறைத்தும் சொல்ல விரும்பவில்லை. அவர் கூழாங்கல் கருவியில் தேர்ந்தவர். கைக்கோடரியில் தொடக்க நிலையில் இருப்பவர்.

நான்காவது நன்றாக வந்தது. உள்ளங்கையை நிறைக்கும் நீளம், இருபுறமும் சுற்றிச் செதுக்கிய விளிம்பு, ஒரு பக்கம் சற்றே கோணலான சொட்டு வடிவம். அடிப்பகுதியில் ஒரு சிறு மேட்டை நீக்க வேண்டியிருந்தது. அங்கே கடைசி ஒரு செதில் எடுக்கலாம் என்று முடிவு செய்து, கல்லைத் தொடையில் வைத்து அடித்தார். செதில் வரவில்லை; கோடரி குறுக்காக இரண்டாக முறிந்தது. நுனிப் பகுதி தொடைக்கு வெளியே தாங்கலின்றி நின்றிருந்தது. அடியின் அதிர்வு கல்லின் நீளத்துக்கு ஓடி, தாங்கல் இல்லாத இடத்தில் அதை வளைத்து முறித்துவிட்டது. நீளமான கருவி செய்பவர் எவருக்கும் நேர்வது.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மாமா மரத்தின் மறுபக்கத்திலிருந்து, "என்னடா, ரெண்டு சத்தம் கேட்டுச்சு?" என்றார்.

அன்றைய சில்லுகளை வழக்கம்போல் வாளியில் சேர்த்து, வேலியோரக் குழியில் கொட்டினோம். எதிர்காலத்தில் தோண்டுபவர் எவரும் ஏமாறக் கூடாது என்பதற்காக, ஆண்டு பொறித்த ஒரு நாணயத்தையும் கண்ணாடிப் புட்டி ஒன்றையும் அந்தக் குழியின் அடியில் முதல் மாதமே போட்டு வைத்திருந்தோம். முறிந்த கோடரியின் இரு பாதிகள் குழிக்குப் போகவில்லை. அவர் அவற்றை முட்டை அட்டையின் மேல் வைத்து, வெள்ளை மையில் எண்ணும் தேதியும் எழுதினார். சிறிய பாதியின் முறிந்த முகத்தில் 'நுனிக்குத் தாங்கல் இல்லை' என்று எழுதினார். பெரிய பாதியைத் திருப்பி, முறிவின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துக் கோணம் பார்த்தார். பிறகு தட்டும் கல்லை எடுத்து, அதிலிருந்து ஒரு செதிலை உரித்தார்.